கண் வெளுத்த ஆடும் ஒரு ரத்த ரிப்போர்ட்டும்: வெள்ளகோவில் பட்டிகளில் கவனிக்க வேண்டியது என்ன?

வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் என்றாலே 2024, 2025-ல் டிவியில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சிதான். தெருநாய்கள் கடித்துக் குதறிய செம்மறி ஆடுகள். அந்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு இழப்பீடு கேட்டுப் போராடிய விவசாயிகள்.

நாய் கடித்துச் செத்த ஆட்டுக்குக் காயம் இருக்கும். போட்டோ எடுக்கலாம், புகார் கொடுக்கலாம். ஆனால் அதே ஊர்ப் பட்டிகளில், மழை பெய்து ஓய்ந்த மூன்று நான்கு வாரத்தில், காயமே இல்லாமல் சில ஆடுகள் சாகும். நேற்று வரை மேய்ந்த ஆடு. கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மேய்ச்சலுக்கு ஓட்டும்போது பின்தங்கும், படுக்கும், எழுந்திருக்காது. அறுத்துப் பார்த்தால் கறி வெளுத்துக் கிடக்கும், ரத்தம் தண்ணி மாதிரி இருக்கும்.

இது கடுமையான ரத்தசோகை. மனிதர்களுக்கு வந்தால் உடனே லேப் டெஸ்ட் எடுப்போம். ஆட்டுக்கும் எடுக்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டை மனிதர்களின் ரிப்போர்ட் போலப் படித்தால் தப்பாகத்தான் புரியும். எங்கே தப்பும், எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

'லோ' என்று அச்சாகியிருக்கா? பதற வேண்டாம்

கால்நடைகளுக்கான ஆய்வக வசதி பக்கத்தில் இல்லாத இடங்களில் ஆட்டின் ரத்தத்தை மனிதர்களுக்கான லேபிலேயே கொடுத்துப் பார்ப்பதும் நடக்கிறது. மெஷின் ஒரு ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும். ஓரத்தில் 'நார்மல் அளவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பிரச்சினை தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். அதில் இருப்பது மனிதனின் அளவு.

உதாரணமாக, பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ஹெமடோக்ரிட் என்றும் போட்டிருப்பார்கள். கொஞ்சம் ரத்தத்தை மெல்லிய குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். அந்தப் படிவு எத்தனை சதவீதம் என்பதுதான் பி.சி.வி. பெரியவர்களுக்கு இது சுமார் 36-ல் தொடங்கி 50 வரை இருக்கும். செம்மறி ஆட்டுக்கு 27 முதல் 45 வரை. வெள்ளாட்டுக்கு 22 முதல் 38 வரை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பி.சி.வி. 28 உள்ள வெள்ளாடு முழு ஆரோக்கியமானது. மனித லேபில் அதன் ரிப்போர்ட் 'லோ' என்று சிவப்பில் வரும். அதைப் பார்த்துப் பயந்து இரும்புச்சத்து ஊசி, டானிக் என்று செலவு செய்தால் காசுதான் வீண்.

எம்.சி.வி. என்ற வரி இன்னும் குழப்பும். அது ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு. மனிதனுக்கு 80 முதல் 100. செம்மறிக்கு 28 முதல் 40. வெள்ளாட்டுக்கு வெறும் 16 முதல் 25. வீட்டு விலங்குகளிலேயே மிகச் சிறிய சிவப்பணு வெள்ளாட்டினுடையதுதான். மனித ரத்தத்துக்குச் செட் செய்த மெஷின் இந்தக் குட்டி அணுக்களைச் சிவப்பணு என்றே அடையாளம் காணாமல் விடலாம், அல்லது தட்டணு என்று எண்ணிவிடலாம். அப்போது ரிப்போர்ட்டில் சிவப்பணு படுபாதாளத்தில் இருக்கும், தட்டணு எகிறியிருக்கும். இரண்டுமே நிஜம் இல்லை.

அதனால் மெஷின் எண்ணிக்கையை விட, குழாயைச் சுழற்றி எடுக்கும் பி.சி.வி., கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, இந்த இரண்டும் ஆட்டுக்கு நம்பகமானவை. சாம்பிள் கொடுக்கும்போதே "இது வெள்ளாடு", "இது செம்மறி" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அது எழுதப்படாமல் போனால் மேலே சொன்ன அத்தனை குழப்பமும் வரும்.

ரத்தம் எங்கே போனது?

சரி, பி.சி.வி. நிஜமாகவே 14-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ரத்தசோகை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரத்தசோகை என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு அறிகுறி. டாக்டர் அடுத்துத் தேடுவது, ரத்தம் எந்த வழியில் குறைந்தது என்பதை.

மூன்று வழிதான் உண்டு. ரத்தம் வெளியே ஒழுகுகிறது. அல்லது உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைகிறது. அல்லது எலும்பு மஜ்ஜையில் புதிதாக ஊறுவதே நின்றுவிட்டது.

இந்த மூன்றில் எது என்று பி.சி.வி. தனியாகச் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரியைப் பார்க்க வேண்டும்: மொத்தப் புரதம், அதாவது டோட்டல் புரோட்டீன். ஆட்டுக்கு இது சுமார் 6 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு செம்மறியின் எண்களை எடுத்துக்கொள்வோம் (இவை விளக்கத்துக்காக எழுதியவை). பி.சி.வி. 14, ஹீமோகுளோபின் 4.5, மொத்தப் புரதம் 4.2. சிவப்பணு, புரதம் இரண்டுமே சேர்ந்து குறைந்திருக்கின்றன. ரத்தம் முழுசாக, அணுவும் நீருமாக, உடம்பை விட்டு வெளியே போகும்போதுதான் இப்படி ஆகும். காயம் எதுவும் இல்லையென்றால் யாரோ உள்ளேயிருந்து குடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு ஆடு. அதே பி.சி.வி. 14. ஆனால் புரதம் 7. மூத்திரம் காபி டிக்காஷன் நிறத்தில் போகிறது. கண்ணும் ஈறும் வெளுத்ததோடு லேசாக மஞ்சளும் தட்டியிருக்கிறது. இங்கே ரத்தம் எங்கும் ஒழுகவில்லை, உள்ளேயே உடைகிறது. முதல் ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தை இந்த ஆட்டுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஆடு போய்விடும்.

ஒரே எண், இரண்டு வேறு நோய். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி, பதிலுக்கு வந்த மருந்தின் பெயரை மெடிக்கலில் கேட்டு வாங்குவது ஏன் ஆபத்து என்பது இங்கே புரியும்.

உள்ளேயிருந்து குடிப்பது யார்?

கொங்கு மேய்ச்சல் காடுகளில் மழைக்குப் பின் வரும் ரத்தசோகைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹீமான்கஸ் கன்டார்ட்டஸ் என்ற உருளைப்புழுவை. ஆட்டின் நான்காவது இரைப்பையில் இருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போலத் தெரியும். சிவப்பு, அது குடித்த ரத்தம்.

ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும் என்பது கணக்கு. ஒரு சொட்டுதான். ஆனால் ஒரு ஆட்டில் இரண்டாயிரம் புழு இருந்தால் தினமும் 100 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ். 30 கிலோ செம்மறியின் உடம்பில் மொத்தமே சுமார் 2 லிட்டர் ரத்தம்தான். இருபது நாளில் மொத்த ரத்தத்துக்குச் சமமான அளவு போய்விடும். உடம்பு புதிதாக ஊறவைத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு கட்டத்தில் அதனால் ஈடுகொடுக்க முடியாது.

ரத்தத்தோடு புரதமும் போவதால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். தாடை வீக்கம் என்பார்கள். மேய்ந்துவிட்டு வரும் சாயங்காலத்தில் பெரிசாகத் தெரியும், காலையில் கொஞ்சம் வற்றியிருக்கும். தாடையில் நீர் கோத்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது.

பலர் ஏமாறுவது ஒரு இடத்தில். குடற்புழு என்றால் கழிச்சல் வரும் என்று நினைப்பது வழக்கம். இந்தப் புழு மட்டும் தாக்கினால் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை கெட்டியாகவே விழும். "புழுக்கை நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்ற பேச்சு வருவது இதனால்தான்.

கொறங்காட்டில் எப்படி வந்தது?

வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடு இந்தப் புழுவுக்கு ஏற்ற இடமே இல்லை. கிளுவை வேலி போட்டுப் பிரித்த காடு, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மற்றபடி வெயில். புழுவின் முட்டை புழுக்கையோடு தரையில் விழும். அது குஞ்சாகிப் புல்லில் ஏற ஈரமும் மிதமான சூடும் வேண்டும். வறண்ட மண்ணில், வெயிலில் பெரும்பாலானவை காய்ந்து செத்துவிடும். காட்டைத் தடுப்பு தடுப்பாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் பழைய வழக்கம் புழுவுக்கும் எதிரானதுதான், அந்த நோக்கத்தில் செய்யாவிட்டாலும்.

கணக்கு மாறுவது வடகிழக்குப் பருவமழையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் தழைக்கும், மண் ஈரமாகவே இருக்கும். முட்டையிலிருந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு வாரம் கூடத் தேவைப்படாமல் போகலாம். ஆட்டின் வயிற்றுக்குள் போன குஞ்சுப்புழு முட்டையிடும் பருவத்துக்கு வளர சுமார் மூன்று வாரம். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மழை ஓய்ந்து மூன்று நான்கு வாரத்தில் ஆடுகள் சாயும் கணக்கு இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பி.ஏ.பி. பாசனத்தின் வெள்ளகோவில் கிளை வாய்க்கால் கடைமடைப் பகுதி. தண்ணீர் வருவதே பெரும் போராட்டம். வந்தால், வாய்க்கால் ஓரத்தில் மட்டும் பச்சைப் புல் அடர்த்தியாக வளரும். சுற்றிலும் காய்ந்த காடு இருக்கும்போது எல்லாப் பட்டி ஆடும் மேயப் போவது அந்த ஒரே கீற்றுக்குத்தான். ஈரம், நிழல், நெருக்கடியான மேய்ச்சல், கீழே விழும் புழுக்கை. புழுவுக்கு வேறென்ன வேண்டும்? அதிலும் காலைப் பனி காயும் முன் ஓட்டினால், குஞ்சுப்புழு ஈரத்தோடு புல்லின் மேல் ஏறியிருக்கும் நேரம் அது. வெயில் ஏறிய பிறகு ஓட்டச் சொல்வது இதனால்தான்.

வெள்ளாடு தலையை உயர்த்திக் கொழையைக் கடிக்கும். தரைப் புல்லைக் கரண்டுவது குறைவு, அதனால் புழு உள்ளே போவதும் குறைவு. ஆனால் கடிக்கக் கொழை இல்லாமல் அதைப் புல்லில் மேயவிட்டால் செம்மறியை விட மோசமாக அடிபடும்.

லேபுக்கு முன்னால் ஒரு டெஸ்ட்: கீழ் இமை

இதற்கு ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையில் ஒரு அட்டை உருவானது. பெயர் ஃபமாச்சா. அவர் பெயரின் எழுத்துகளும் 'சார்ட்' என்ற சொல்லும் சேர்ந்த பெயர் அது. ஆட்டின் கீழ் இமையின் உள்பக்கச் சவ்வு என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிடுவதுதான் சோதனை. பல நாடுகளில் ஆடு வளர்ப்போர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நல்ல சிவப்பு என்றால் முதல் நிலை. பி.சி.வி. 28-ம் அதற்கு மேலும் இருக்கும். சிவப்பு கலந்த ரோஸ் இரண்டாவது, 23 முதல் 27. ரோஸ் மூன்றாவது, 18 முதல் 22. வெளிறிய ரோஸ் நான்காவது, 13 முதல் 17. வெள்ளை வெளேர் என்றால் ஐந்தாவது, 12-ம் அதற்குக் கீழும்.

செய்யும் முறை எளிது. வெயில் வெளிச்சத்தில் நிறுத்துங்கள், கொட்டகைக்குள் வேண்டாம். மேல் இமையை மூடி கட்டைவிரலால் கண்ணை மெல்ல அழுத்தி, மற்ற கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்சவ்வு வெளியே பிதுங்கும். ஒரு நொடியில் நிறத்தைப் பாருங்கள். ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் நிறமே மாறிவிடும். இரண்டு கண்ணையும் பாருங்கள். வேறு வேறாகத் தெரிந்தால் வெளுத்த பக்கத்தைக் கணக்கில் எடுங்கள்.

நான்கும் ஐந்தும் உடனே சிகிச்சைக்குரியவை. மூன்றாவது நிலையில் குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கும் தாய் ஆடு இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. குட்டி போடும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும், புழு பெருகும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. கண் வெளுத்திருக்கிறது என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. தூசியாலோ கண்நோயாலோ சிவந்திருந்தால் சோகையை மறைத்தும் விடும். அதனால் இமையோடு சேர்த்துத் தாடை, மூத்திரத்தின் நிறம், மேய்ச்சலில் பின்தங்குகிறதா என்பதையும் பாருங்கள். கொஞ்சம் புழுக்கையையும் பாலித்தீன் பையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகலாம். ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து: சரியா?

பட்டி முழுக்க நிறுத்தி வரிசையாக மருந்து ஊற்றுவதுதான் பழக்கம். முழுத் திருப்தியும் வரும். ஆனால் ஒரு பட்டியில் எல்லா ஆட்டிலும் புழு சமமாக இருப்பதில்லை. சுமார் கால்வாசி ஆடுகள்தான் பெரும்பங்குப் புழுவைச் சுமக்கும்.

எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றினால் மருந்துக்குச் சாகும் புழு எல்லாம் செத்துவிடும். மிஞ்சுவது, அந்த மருந்தைத் தாங்கிய புழு மட்டும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் வாரிசுதான். சிவப்பு இமை உள்ள ஆடுகளுக்கு மருந்து தராமல் விட்டால், அவற்றின் வயிற்றில் உள்ள சாதாரணப் புழுக்கள் தாங்கும் புழுக்களோடு கலந்து பெருகும். மருந்தும் இன்னும் பல வருஷம் வேலை செய்யும். இது உள்ளூர்க் கவலை மட்டும் இல்லை. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளைத் தாங்கும் ஹீமான்கஸ் புழு தமிழ்நாட்டுச் செம்மறிகளிலும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றுவதும் இதே வினையைச் செய்யும். இன்னொரு சிக்கல், வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்துகளைச் செம்மறியை விட வேகமாகக் கழித்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றினால் வெள்ளாட்டுக்குப் பத்தாமல் போகலாம். எவ்வளவு கூட்டுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் லெவாமிசோல் போன்ற மருந்தில் அளவு மிஞ்சினால் விஷம். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் தரக் கூடாது, குட்டிக்கு ஊனம் வரலாம்.

மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கொடுக்கும் முன் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை, கொடுத்த 10 முதல் 14 நாளில் மறுபடி எண்ணிக்கை. 95 சதவீதத்துக்குக் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது என்றால் அந்தப் பட்டியில் அந்த மருந்தை இனி நம்ப முடியாது. பெரும்பாலான பட்டிகளில் இந்த இரண்டாவது எண்ணிக்கை நடப்பதே இல்லை. மருந்து வாங்கும் காசு வருஷா வருஷம் போகிறது, அது புழுவைக் கொல்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கண் வெளுத்த ஆட்டைச் சந்தைக்கு ஏற்றிவிடும் வழக்கத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். கன்னிவாடி ஆட்டுச்சந்தை மாதிரி இடங்களில் வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார். இமையைப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வாங்கிய ஆட்டோடு மருந்துக்குச் சாகாத புழுவும் பட்டிக்குள் வருகிறது. வாங்கிய ஆட்டை இரண்டு வாரமாவது தனியே கட்டி, புழுக்கை பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

புழு இல்லையென்றால்?

ரத்தம் உள்ளேயே உடையும் இரண்டாவது ஆட்டுக்கு வருவோம். உண்ணி மூலம் பரவும் பபீசியா போன்ற ஒட்டுண்ணிகள் சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கும். கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தில் அவை தெரியும். இவற்றுக்குத் தனி ஊசி உண்டு.

வீட்டில் நாமே வரவழைக்கும் காரணம் ஒன்றும் இருக்கிறது: தாமிரம். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் தீவனத்திலும் தாது உப்புக் கலவையிலும் தாமிரம் கூடுதலாக இருக்கும். மாட்டுக்கு நல்லது. செம்மறிக்கு விஷம். மற்ற கால்நடைகளைப் போல அதிகத் தாமிரத்தை வெளியேற்ற செம்மறியின் ஈரலுக்குத் தெரியாது, சேர்த்து வைக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு வண்டியில் ஏற்றியது, தீவனம் மாறியது என்று ஏதோ ஒரு அதிர்ச்சியில் சேர்த்ததெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டும். சிவப்பணு உடையும், மூத்திரம் கறுக்கும், இரண்டொரு நாளில் ஆடு போய்விடும். காங்கயம் மாடும் செம்மறியும் ஒரே தொட்டியில் தின்னும் தோட்டங்களில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வெள்ளாடு இதைக் கொஞ்சம் தாங்கும்.

குட்டிகளுக்கு தெள்ளுப்பூச்சி, உண்ணி மட்டுமே சோகையை உண்டாக்கப் போதும். குட்டியின் உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம். கிடாப்பில் அடைத்து வைக்கும் குட்டியின் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி, ஊறுவதே நிற்பது. ஆடுகளில் நாள்பட்ட நோய்க்குப் பின் இது வரும். இதை அப்பட்டமாகக் காட்டும் உதாரணம் வெளிநாட்டில் இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பாவில் கீரி போல ஒல்லியாக நீண்ட ஃபெரட் என்ற பிராணியைச் செல்லமாக வளர்க்கிறார்கள். பெண் ஃபெரட் இணை சேராமல் விட்டால் பருவம் அடங்காமல் நீடிக்கும். தொடர்ந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் விழும். அதன் ரிப்போர்ட்டில் பி.சி.வி. வழக்கமாக 45-க்கு மேல் இருக்க வேண்டும். நம் வெள்ளாட்டுக்குச் சரியான 28, ஃபெரட்டுக்கு அபாயம். எந்த விலங்கு என்று எழுதாத ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லை என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

மஜ்ஜை வேலை செய்கிறதா என்று ஆட்டிலும் பார்க்கலாம். ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணு ஆரோக்கியமான ஆட்டின் ரத்தத்தில் அநேகமாகத் தென்படாது. சோகை வந்து சில நாளில் அது தென்பட்டால் நல்ல சேதி, உடம்பு ஈடுகொடுக்கப் பார்க்கிறது. பி.சி.வி. 14-லும் இந்த இளம் அணுக்கள் ஒன்றுமே இல்லையென்றால் டாக்டர் கவலைப்படுவார்.

12-க்குக் கீழே போன ஆட்டை என்ன செய்வது?

முதலில், துரத்திப் பிடிக்காதீர்கள். மெல்ல மெல்லக் குறைந்த ரத்தத்துக்கு உடம்பு பழகியிருக்கும். நிற்கும், கொஞ்சம் மேயக்கூடச் செய்யும். ஓடினால் அந்த ஓட்டத்துக்குத் தேவையான ஆக்சிஜன் ரத்தத்தில் இல்லை, அப்படியே விழும். மருந்து கொடுக்கப் பிடித்தபோதே ஆடு செத்து, பழி மருந்தின் மேல் விழுவது இப்படித்தான். நிழலில் கட்டுங்கள், தீவனமும் தண்ணீரும் அதனிடம் கொண்டு போங்கள். கடலைக்கொடி, புண்ணாக்கு போன்ற புரதம் உள்ள தீவனம் உதவும். டானிக் மட்டும் ஊற்றிக் கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. புழு உள்ளே இருக்கும் வரை ஊறுவதை அது குடித்துக்கொண்டே இருக்கும்.

ரத்தம் ஏற்றலாமா? ஆட்டுக்கும் ஏற்றலாம். அதே பட்டியின் ஆரோக்கியமான ஆட்டிலிருந்தே எடுக்க முடியும். செம்மறியில் ஏழு ரத்த வகை அமைப்புகள் உண்டு. முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் ஒவ்வாமை வராது, இரண்டாவது முறை ஆபத்து கூடும். ஏற்றிய சிவப்பணு சில நாள்தான் தாங்கும், அதற்குள் காரணத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

விலங்குகளின் ரத்தமாற்றம், ரத்த வங்கி ஆகியவற்றுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. காசு வாங்காத தானம், ஏற்றும் முன் ரத்தப் பொருத்தம் பார்ப்பது ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. ஆனால் ரத்த வங்கி என்ற பேச்சு இப்போதைக்குப் பெருநகர நாய்களைச் சுற்றித்தான் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறி சுமார் 45 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம். இவற்றுக்கு ரத்த வங்கியை விட முதலில் தேவைப்படுவது, தாலுகா அளவில் ஒரு சுழற்றுக் கருவியும் மைக்ராஸ்கோப்பும், அதில் உட்கார ஒரு ஆளும்.

ரத்தம் எடுக்கும் வேலையைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். கழுத்து நரம்பில் இரண்டு மில்லி போதும், ஊதா மூடி போட்ட டியூப்பில். உறைவிக்காமல், ஐஸ் கட்டிகள் வைத்த டப்பாவில் அன்றைக்கே லேபுக்குப் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் உடைந்து, ஆட்டுக்கு இல்லாத நோயை ரிப்போர்ட் காட்டும். திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல் கல்லூரியும் ரொம்பத் தூரம் இல்லை. செத்துப்போன ஆட்டையும் புதைக்கும் முன் அறுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான்காவது இரைப்பையைத் திறந்தால் முறுக்கு நூல் புழு வெறும் கண்ணுக்கே தெரியும், பட்டியில் மிச்சம் இருக்கும் ஆடுகளுக்கு என்ன மருந்து என்பதும் அன்றைக்கே முடிவாகும். ஆடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தை அழைக்கலாம். கூப்பிடும்போது இமை எந்த நிறம், மூத்திரம் எந்த நிறம் என்ற இரண்டையும் போனிலேயே சொல்லுங்கள்.